ஜாமீன் போட ஆள் இல்லாமல் ஜப்பானில் வாடகை வீடு பிடிப்பது: முழுமையான வழிகாட்டி

தரகர் போனை எடுத்து வீட்டுக்காரரிடம் பேசத் தொடங்குவார். நீங்கள் எதிரே உட்கார்ந்திருப்பீர்கள். ஜப்பானிய மொழி அவ்வளவாகத் தெரியாவிட்டாலும் ‘காய்கொகுஜின்’ என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழும். வெளிநாட்டவர் என்று பொருள். பிறகு அவர் போனைக் கையில் பிடித்தபடியே நான்கைந்து முறை தலை வணங்கி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வைப்பார். உங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டுவார். அந்த வீடு இல்லை.

தோக்கியோவில் முதல் வீடு தேடியபோது ஒரே பிற்பகலில் இதை மூன்று முறை பார்த்தேன். அன்று அது என்மீது உள்ள வெறுப்பு என்றே நினைத்தேன். ஜப்பான் நீதி அமைச்சகம் 2016 இறுதியில் வெளிநாட்டவரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2017-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதத்தினர் வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டிருந்தார்கள். ஜப்பானிய ஜாமீன்தாரர் இல்லை என்பதற்காக மறுக்கப்பட்டவர்கள் அதையும் விட அதிகம், 41.2 சதவீதம். முதல் காரணத்தை நீங்களோ நானோ ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டாவதற்கு வழி உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

அங்கே ஜாமீன் என்றால் என்ன

வாடகை ஒப்பந்தத்தில் கேட்கப்படும் ஜாமீன்தாரருக்கு ‘ரென்தாய் ஹோஷோனின்’ என்று பெயர். நம் ஊரில் கடனுக்குப் போடும் ஷூரிட்டி கையெழுத்தைவிட இது கனமானது. நீங்கள் வாடகை கட்டாவிட்டால் வீட்டுக்காரர் நேராக அவரிடம் போய்ப் பணம் கேட்கலாம். “முதலில் குடியிருப்பவரிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்” என்று சொல்லும் உரிமை அவருக்குச் சட்டப்படி இல்லை. வீட்டுக்கு நீங்கள் செய்யும் சேதமும் அவர் தலையில்தான் விழும்.

அதனால்தான் ஜப்பானியர்களே பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ தவிர வேறு யாரிடமும் இதைக் கேட்பதில்லை. உங்கள் மேலாளரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ இந்தக் கையெழுத்தைக் கேட்காதீர்கள் என்று மன்றாடியே சொல்வேன். அவர் மறுத்தால் இருவருக்கும் சங்கடம். ஒப்புக்கொண்டால் அவருடைய சேமிப்பு உங்கள் வேலை நிலைப்பதை நம்பி நிற்கும்.

2020 ஏப்ரலில் திருத்தப்பட்ட உரிமையியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர் ஜாமீன் போட்டால், அதிகபட்சம் எவ்வளவு தொகைக்கு அவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த ஜாமீனே செல்லாது. இந்தத் தொகையை எண்ணில் பார்த்ததும் பயந்து பின்வாங்கும் உறவினர்கள் அதிகம். வீட்டுக்காரர்களும் மனிதர்களைவிட, பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களையே நாடுகிறார்கள். இன்று ஜப்பானியர்களே பெரும்பாலும் நிறுவனத்தின் ஜாமீனில்தான் வீடு எடுக்கிறார்கள். ஆகவே உள்ளூர் ஆள் இல்லை என்பது முன்போல் பெரிய குறை இல்லை.

இன்னொரு சொல்லையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ‘கின்க்யூ ரென்ராகுசாகி’. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர். உங்களைப் பிடிக்க முடியாதபோது, தண்ணீர்க் குழாய் வெடித்தபோது, நீங்கள் மருத்துவமனையில் இருக்கும்போது இவருக்குப் போன் வரும். பணப் பொறுப்பு கிடையாது. பெரும்பாலும் இவர் ஜப்பானில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நண்பரிடம் நீங்கள் கேட்கவேண்டிய உதவி இதுதான். கேட்கும்போது “ஜாமீன் இல்லை, போன் நம்பர் மட்டும்தான், பணம் கட்டச் சொல்ல மாட்டார்கள்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். முகத்தில் தெரியும் நிம்மதியே வேறு.

முதல் மாதத்துக்கு ஓர் இடம்

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டே நிரந்தர வீட்டுக்குக் கையெழுத்திட முயல வேண்டாம். வந்து இறங்கி, ஒன்றிரண்டு மாதம் தற்காலிக இடத்தில் இருந்துகொண்டு தேடுவதே நல்லது. இதற்குப் பயன்படுபவை ஷேர் ஹவுஸ்களும் மாத வாடகை வீடுகளும். சகுரா ஹவுஸ் போன்ற நிறுவனங்கள் ஜாமீன்தாரரும், ‘ரெய்கின்’ எனும் திரும்பி வராத நன்றிப் பணமும் கேட்காமல் வெளிநாட்டவருக்கு அறை தருகின்றன. அறை சிறியது, சமையலறை பொது. ஆனாலும் முகவரி ஒன்று கையில் கிடைக்கும்.

அந்த முகவரிதான் எல்லாவற்றுக்கும் சாவி. பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே ‘ஸாய்ர்யூ கார்டு’ எனும் குடியிருப்பு அட்டை தருவார்கள். ஓர் இடத்தில் தங்கத் தொடங்கிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அட்டையின் பின்புறம் அதை அச்சிட்டுத் தருவார்கள். பிறகு உள்ளூர் போன் நம்பர், அதன்பின் வங்கிக் கணக்கு. இந்த மூன்றும் இல்லாமல் தரகர் கடைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். தற்காலிக இடத்தை முன்பதிவு செய்யும்போது அங்கே முகவரிப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அனுமதிப்பதில்லை.

வீட்டைப் பார்க்கும் முன் காகிதங்கள்

நல்ல வீடு காலையில் விளம்பரத்துக்கு வந்தால் மாலைக்குள் ஒருவர் விண்ணப்பித்துவிடுவார். விண்ணப்பித்த பிறகு காகிதம் தேட ஆரம்பித்தால் அடுத்தவருக்குப் போய்விடும். எனவே இவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு, போனிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட், ஸாய்ர்யூ கார்டின் இருபுறமும், வார்டு அலுவலகம் தரும் குடியிருப்புச் சான்றான ‘ஜூமின்ஹ்யோ’. வேலை பார்ப்பவர் என்றால் நிறுவனம் தரும் வேலைச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஓராண்டு ஆகியிருந்தால் ‘கென்சென் ச்சோஷூஹ்யோ’ எனும் ஆண்டு வருமான வரிச் சீட்டு. இப்போதுதான் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் சம்பளம் குறிப்பிட்ட பணி நியமனக் கடிதம், அதுவும் ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் மட்டும் தரும் நிறுவனத்திடம் ஜப்பானியப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

ஸாய்ர்யூ கார்டு காலாவதி ஆக இரண்டு மூன்று மாதமே இருந்தால், முதலில் அதைப் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டு வீடு தேடுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத விசாவோடு போனால் யாரும் தயங்குவார்கள்.

மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத வாடகையையே பாருங்கள். ஜாமீன் நிறுவனங்களும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கின்றன.

யார் எந்த வழியில் போகலாம்

நீங்கள் வேலை செய்யும் நிறுவனமே தன் பெயரில் வீடு எடுத்து உங்களைக் குடிவைக்கத் தயாராக இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஜாமீன் கேள்வியே எழாது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பது ஒன்றுதான் குறை. வேலைக்கான பேச்சு நடக்கும்போதே, ஒப்பந்தம் போடுவதற்கு முன், மனிதவளத் துறையிடம் இதைக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

மாணவர் என்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள். வெளிநாட்டு மாணவருக்கான வாடகைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்துள்ள கல்வி நிறுவனங்களில் பல்கலைக்கழகமே ஜாமீன்தாரராக நிற்கும். கட்டணமும் குறைவு.

மற்றவர்களுக்கு இரண்டு பெரிய வழிகள்: அரசு சார்ந்த யு.ஆர். குடியிருப்பு, அல்லது தனியார் வீடும் ஜாமீன் நிறுவனமும். பெருநகரம் அல்லாத ஊர்களில் வேலை என்றால் வில்லேஜ் ஹவுஸ் குடியிருப்புகளையும் பாருங்கள். பழைய கட்டடங்கள்தான், ஆனால் ‘ஷிகிகின்’ எனும் அட்வான்ஸும் ரெய்கினும் கேட்பதில்லை.

யு.ஆர்.: ஜாமீனைக் கேட்காத வீட்டுக்காரர்

யு.ஆர். என்பது அரசு சார்ந்த நகர்ப்புறக் குடியிருப்பு நிறுவனம். 1955-இல் தொடங்கிய ஜப்பான் வீட்டுவசதிக் கழகத்தின் வழிவந்தது; நாடு முழுவதும் சுமார் 7 லட்சம் வாடகை வீடுகள் அதனிடம் உண்டு. ஜாமீன்தாரர் வேண்டாம். ஜாமீன் நிறுவனம் வேண்டாம். ரெய்கின் இல்லை, தரகுக் கட்டணம் இல்லை, ஒப்பந்தப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. இரண்டு மாத வாடகை ஷிகிகின், வந்த நாளிலிருந்து கணக்கிட்ட வாடகையும் பராமரிப்பும், அவ்வளவுதான்.

தோக்கியோவின் நிஷி கசாயில் ஏன் இத்தனை இந்தியர்கள் என்று கேட்பவர்களுக்கு விடையின் ஒரு பெரிய பகுதி இதில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களில் பலருக்கு ஓதெமாச்சி, நிஹோன்பாஷிப் பக்கம் வேலை. தோசாய் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். ஜாமீன் கேட்காத யு.ஆர். அடுக்குமாடிகள் நிலையத்தைச் சுற்றி இருந்தன. ஏற்கெனவே அங்கே வசித்த தேயிலை வணிகர் ஜக்மோகன் சந்திரானி போன்றவர்கள் புதிதாக வந்தவர்களுக்குத் துணை நின்றார்கள். முதலில் வீடு, பிறகு மளிகைக் கடை, பிறகு பள்ளி. இன்றைக்கும் அங்கே ஒரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறினால் தமிழோ தெலுங்கோ காதில் விழ வாய்ப்பு உண்டு.

நிபந்தனை வருமானம்தான். தனி ஆள் என்றால், வாடகை 62,500 யென்னுக்குக் குறைவாக இருந்தால் மாத வருமானம் வாடகையைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். 62,500 முதல் 2 லட்சத்துக்குள் என்றால் மாதம் 2,50,000 யென் போதும். குடும்பம் என்றால் அந்த எல்லை 82,500 யென், அதற்கு மேல் 2 லட்சத்துக்குள் 3,30,000 யென் வருமானம். இருவருக்கும் 2 லட்சம் யென் வாடகைக்கு மேல் 4 லட்சம் யென் வருமானம். வருமானம் போதாவிட்டால் வாடகையைப் போல் நூறு மடங்கு சேமிப்பு இருப்பதைக் காட்டலாம். அல்லது ஓராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிட்டால் வருமானக் கேள்வியே கிடையாது. புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு இந்தக் கடைசி வழி பெரிய உதவி.

முறை எளிது. யு.ஆர். இணையதளத்தில் காலி வீடுகளைப் பாருங்கள், அல்லது அவர்களுடைய விற்பனை மையத்துக்கு நேரில் போங்கள். முதலில் கேட்பவருக்கே முதல் உரிமை. முன்பதிவு செய்து, சாவி வாங்கிப் போய் வீட்டைப் பார்த்து, பிடித்தால் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்த விளக்கம் ஜப்பானிய மொழியில் நடக்கும் என்பதால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். பல வீடுகள் எழுபது, எண்பதுகளில் கட்டியவை. நல்ல இடத்தில் உள்ளவற்றின் மாத வாடகை தனியார் வீட்டைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ரெய்கினும் தரகும் புதுப்பிப்பும் இல்லாததால் பெரும்பாலும் யு.ஆர். மலிவாகவே முடியும். குடும்பத்தோடு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தனியார் வீடும் ஜாமீன் நிறுவனமும்

‘ஹோஷோ கய்ஷா’ என்பது பணம் வாங்கிக்கொண்டு உங்களுக்கு ஜாமீன் நிற்கும் நிறுவனம். தொடக்கத்தில் மாத வாடகையில் பாதி முதல் முழு மாதம் வரை கட்டணம், பிறகு ஆண்டுக்குச் சுமார் 10,000 யென் என்பது வழக்கமான கணக்கு. இது காப்பீடு இல்லை என்பதை மனதில் வையுங்கள். நீங்கள் கட்டாத வாடகையை நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டும். பிறகு உங்களிடம் வசூலிக்கும்.

எந்த நிறுவனம் என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரரோ அவருடைய நிர்வாக நிறுவனமோதான் தீர்மானிக்கும். இவற்றில் வகைகள் உண்டு. கிரெடிட் கார்டு நிறுவனங்களைச் சார்ந்தவை உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கும். இப்போதுதான் வந்தவருக்கு வரலாறே இருக்காது. தனித்து இயங்குபவை சம்பளத்தையும் பேச்சையும் பார்த்து முடிவு செய்யும். வெளிநாட்டவருக்காகவே இயங்கும் நிறுவனங்களும் உண்டு. குளோபல் டிரஸ்ட் நெட்வொர்க்ஸ் அதில் பெரியது. பல மொழிகளில் பேச ஆள் வைத்திருக்கிறார்கள். “இந்த வீட்டுக்கு எந்த ஹோஷோ கய்ஷா? வெளிநாட்டவருக்கானதைப் பயன்படுத்த முடியுமா?” என்று தரகரிடம் கேட்பது தவறே இல்லை.

தரகர் கடைக்கு ‘ஃபுதோசான்யா’ என்று பெயர். எல்லாத் தரகர்களும் கிட்டத்தட்ட ஒரே தரவுத்தளத்தைத்தான் பார்க்கிறார்கள். எனவே பத்துக் கடை ஏறி இறங்க வேண்டாம். வெளிநாட்டவரோடு பழகிய ஒரு கடையைத் தேர்ந்தெடுங்கள். லைஃபுல் ஹோம்ஸ் தளத்தில் ‘ஃபிரெண்ட்லி டோர்’ என்ற பகுதி அப்படிப்பட்ட கடைகளைக் காட்டும். கடையில் உட்கார்ந்ததும் வரவுசெலவு, வருமானம், விசா வகை, மொழி எவ்வளவு தெரியும், அவசரத் தொடர்புக்கு யார், எல்லாவற்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: “வெளிநாட்டவருக்குக் கொடுக்கச் சம்மதித்த வீடுகளை மட்டும் காட்டுங்கள், பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.” மனதுக்குப் பிடித்த வீட்டைப் பார்த்துவிட்டு மறுப்பைக் கேட்பது வலி. அந்த வலியையாவது தவிர்க்கலாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை ஊரே வீடு மாறும் காலம். ஏப்ரலில் பள்ளியும் அலுவலகமும் புது ஆண்டைத் தொடங்குகின்றன. அப்போது பேரம் நடக்காது. மழைக்காலமான ஜூன், அதன்பின் வரும் கோடை, இந்த நேரத்தில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ரெய்கினைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கிடைக்கவும் செய்கிறது.

விண்ணப்பித்த பின் விசாரணை. சில நாளில் முடியும். இங்கேதான் நான் சறுக்கினேன். தெரியாத நம்பரில் இருந்து இரண்டு முறை போன் வந்தது. ஏதோ விளம்பரம் என்று எடுக்கவில்லை. அது ஜாமீன் நிறுவனம். பெயரும் பிறந்த தேதியும் சரிபார்க்க அழைத்திருக்கிறார்கள். ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று விண்ணப்பமே நின்றுபோனது. அந்த வாரம் முழுவதும் எந்த நம்பர் வந்தாலும் எடுங்கள். ஜப்பானிய மொழி தடுமாறினால் உங்கள் பெயர், பிறந்த தேதி, வேலை செய்யும் நிறுவனம், வீட்டின் பெயர், வாடகை ஆகியவற்றை ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். அலுவலகத்துக்கும் அழைத்து நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்களா என்று கேட்பார்கள். வரவேற்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவசரத் தொடர்புக்குக் கொடுத்த நண்பரிடமும்.

மறுத்துவிட்டால் சோர்ந்துபோகாமல் தரகரிடம் கேளுங்கள்: மறுத்தது வீட்டுக்காரரா, ஜாமீன் நிறுவனமா? வீட்டுக்காரர் என்றால் அந்த வீட்டை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். நிறுவனம் என்றால் அதே வீட்டுக்கு வேறு நிறுவனத்தில் முயலலாம், அல்லது சற்றுக் குறைந்த வாடகை வீட்டைப் பார்க்கலாம். விண்ணப்பத்தோடு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், ஒப்பந்தம் ஆகாதபோது அதைத் திருப்பித் தர மறுக்கத் தரகருக்குச் சட்டம் அனுமதி தரவில்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்

தனியார் வீட்டில் தொடக்கச் செலவுதான் கையைக் கடிக்கும். வாடகை 80,000 யென், பராமரிப்பு 5,000 யென் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

- ஷிகிகின் 1 மாதம்: 80,000
- ரெய்கின் 1 மாதம்: 80,000
- தரகு, வரியோடு: 88,000
- முன்வாடகையும் பராமரிப்பும்: 85,000
- ஜாமீன் நிறுவனம், பராமரிப்பும் சேர்த்துப் பாதி மாதம்: 42,500
- தீ விபத்துக் காப்பீடு, 2 ஆண்டு: 18,000
- பூட்டு மாற்ற: 20,000

கூட்டினால் 4,13,500 யென். ஐந்து மாத வாடகைக்கும் மேல்.

ஷிகிகின் நம் ஊர் அட்வான்ஸ் போல; கழிவுகள் போகத் திரும்பி வரும். ரெய்கின் அப்படி இல்லை. வீடு கொடுத்ததற்கு வீட்டுக்காரருக்கு நன்றியாகத் தரும் பணம் என்று பொருள். ஒரு யென்கூடத் திரும்பாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

தரகுக்கும் சட்டத்தில் வரம்பு உண்டு. இரு தரப்பிலும் சேர்த்து ஒரு மாத வாடகையும் வரியும்தான் அதிகபட்சம். குடியேறுபவரிடம் பாதி மாதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால், வேலையை ஒப்படைக்கும்போதே உங்கள் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். நடைமுறையில் எல்லோரும் ஒரு மாதம் கேட்கிறார்கள். ஆகவே கடையில் உட்கார்ந்ததுமே “தரகு எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள், பாதி மாதம் மட்டும் வாங்கும் கடைகளும் உண்டு. மதிப்பீட்டுச் சீட்டில் கிருமிநாசினி தெளிப்பு, 24 மணி நேர உதவி என்று சில வரிகள் இருக்கும். இவை கட்டாயமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல நேரம் எடுத்துவிடுவார்கள்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்துக்கு முன், உரிமம் பெற்ற ஒருவர் தன் அட்டையைக் காட்டிவிட்டு முக்கிய விவரங்களை வாசித்து விளக்க வேண்டும் என்பது சட்டம். 2017 முதல் வாடகை வீடுகளுக்கு இதைக் காணொளி அழைப்பிலும் செய்கிறார்கள். வேகமாக வாசிப்பார்கள். நிறுத்திக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முந்தைய நாளே அந்தக் காகிதத்தை அனுப்பச் சொல்லி, மொழி தெரிந்தவரோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

முதலில் ஒப்பந்த வகை. ‘ஃபுட்சு ஷக்கா’ என்றால் வழக்கமான ஒப்பந்தம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். ‘தெய்கி ஷக்கா’ என்றால் காலம் முடிந்ததும் வீடும் முடிந்தது. வாடகை மலிவாகத் தெரிந்தால் இந்த வகையாக இருக்கலாம். குழந்தையைப் பள்ளியில் சேர்த்தபின் தெரியவந்தால் கஷ்டம்.

புதுப்பிப்புக் கட்டணமும் உண்டு. தோக்கியோப் பக்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாத வாடகை என்பது வழக்கம். இது செல்லுமா என்று வழக்கு நடந்து, அளவுக்கு மீறாதவரை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. ஓராண்டுக்குள் காலி செய்தால் அபராதம் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை மாறக்கூடிய நிலையில் இருப்பவருக்கு அது முக்கியம்.

கட்டடம் 1981 ஜூனுக்குப் பிறகு அனுமதி பெற்றதா என்று கேளுங்கள். அப்போதுதான் நிலநடுக்கத்துக்கான புதிய கட்டட விதி வந்தது. வெள்ள அபாய வரைபடத்தில் வீடு எங்கே இருக்கிறது என்று காட்டுவது 2020 ஆகஸ்டிலிருந்து கட்டாயம். நிஷி கசாய் இருக்கும் எதோகாவா வார்டின் பெரும்பகுதி கடல் ஏற்றத்தின்போது உள்ள நீர்மட்டத்துக்குக் கீழே. அந்த வார்டு 2019-இல் வெளியிட்ட வரைபடத்தின் அட்டையிலேயே “இங்கே இருக்கக் கூடாது” என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தார்கள். அதற்காக அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கீழ்த்தளமும் ஏழாம் தளமும் ஒரே வாடகை என்றால் ஏழாம் தளத்தை எடுங்கள்.

சாவி கைக்கு வந்த நாள்

பகலிலேயே போங்கள். வீட்டில் விளக்கு இருக்காது. நிஜமாகவே இருக்காது, கூரையில் ஒரு கொக்கி மட்டும். பல வீடுகளில் அடுப்பும் திரைச்சீலையும்கூட இல்லை. முதல் இரவு போன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து போர்வை தேடியது இன்னும் நினைவிருக்கிறது. எரிவாயு இணைப்பைத் திறக்க ஊழியர் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே நேரம் வாங்குங்கள். இல்லாவிட்டால் குளிர்காலத்திலும் பச்சைத் தண்ணீர்தான்.

சாமான்களை உள்ளே ஏற்றும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படம் எடுங்கள். சுவரின் ஒவ்வொரு மூலை, தரையில் உள்ள கீறல், ததாமி பாயின் நிறம், குளியலறை இடுக்குகள், சமையலறைப் புகைபோக்கியின் உட்புறம். கீறலின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். நிலையைக் குறிக்கும் படிவம் தந்திருந்தால் நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். தராவிட்டால் படங்களை நிர்வாக நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு சாட்சியாக நிற்கும்.

நம் சமையலுக்கு ஒரு குறிப்பு. அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர்த்தாளில் கடுகு வெடித்து எண்ணெய் தெறித்தால் மஞ்சள் கறை போகவே போகாது. நூறு யென் கடையில் விற்கும் அலுமினியத் தடுப்பை முதல் நாளே வாங்கி நிறுத்துங்கள். தாளிக்கும்போது புகைபோக்கியைப் போடுங்கள், அதன் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

காலி செய்யும்போது

வழக்கமாக ஒரு மாதம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். பிறகு வீட்டைப் பார்வையிட ஆள் வருவார்; நீங்களும் கூட இருங்கள். எந்தச் சேதம் யார் பொறுப்பு என்பதற்கு அரசு 1998 முதலே வழிகாட்டு விதிகள் வைத்திருக்கிறது. 2020-இன் சட்டத் திருத்தமும் அதை உறுதிசெய்தது: சாதாரணமாக வாழ்ந்ததால் வரும் தேய்மானம் குடியிருந்தவர் பொறுப்பு அல்ல. வெயிலில் வெளுத்த ததாமி, குளிர்பெட்டிக்குப் பின்னால் கறுத்த சுவர், சோபா அழுந்திய தடம், இவையெல்லாம் வீட்டுக்காரர் கணக்கு. துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கு, சொல்லாமல் விட்டுப் பரவிய பூஞ்சை, இவை உங்கள் கணக்கு. உங்கள் தவறால் சுவர்த்தாள் கெட்டிருந்தாலும் அதன் மதிப்பு ஆறு ஆண்டில் ஒரு யென்னுக்கு இறங்கிவிடும் என்றே விதிகள் கணக்கிடுகின்றன. ஐந்து ஆண்டு இருந்துவிட்டுப் போகும்போது புதுத் தாளின் முழு விலையைக் கேட்டால், வழிகாட்டு விதியைச் சொல்லிப் பணிவாக மறுத்துக் கேளுங்கள். அந்த இடத்திலேயே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை.

பேசித் தீராவிட்டால் நுகர்வோர் உதவிக்கு 188 என்ற எண். ஹோதெராசு எனும் சட்ட உதவி மையத்தில் பல மொழிகளில் வழிகாட்டுவார்கள். தோக்கியோவின் யோத்சுயாவில் 2020-இல் திறந்த வெளிநாட்டவர் உதவி மையத்துக்கு நேரிலும் போகலாம்.

ஜாமீன் நிறுவனத்தின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டதா என்று நிர்வாக நிறுவனத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊருக்கே திரும்புபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஷிகிகின் மீதி வந்துசேர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வெளிநாட்டு வங்கிக்குப் பலர் அனுப்ப மாட்டார்கள். யாருடைய கணக்கில் போட வேண்டும் என்று கிளம்பும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு உங்கள் வங்கிக் கணக்கை மூடுங்கள்.